நாடகத்தைத் தடுத்தனர், நகைப்பைத் தடுத்தனரா?

(நடிகவேள் எம்.ஆர்.இராதா பற்றித் தாம்பரத்தில் தோழர்கள் கூட்டிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



நடிகவேள் இராதா அவர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இந்த ஊரிலே அவரைப் பற்றிப் பேசுவது மிகப் பொருத்தம். இங்கே மின்சார வண்டியில் ஏறி, குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் கடந்தால் பரங்கிமலை வருகிறது. அதை அடுத்திருப்பது ஆலந்தூர். அந்த ஊர்க்காரர் ஒருவர்தாம் இராதாவை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றார். பரங்கிமலைக்கு அப்பால் இராமாவரம். அங்கேதான் அவர் வாழ்வு முறிந்தது. வண்டியின் திசையை மாற்றித் தெற்கே போனால் செங்கற்பட்டு. அங்கேதான் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நாம் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிற பாதையிலேயே அவருடைய வரலாறும் கிடக்கிறது.

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிலே 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை இராணுவத்திலே சேர்ந்து முதல் உலகப் போரிலே மாண்டார். ஒருநாள் சாப்பாட்டு வேளையிலே அண்ணனுக்குப் பெரிய மீன் துண்டும் தம்பிக்குச் சிறிய மீன் துண்டும் வைத்தார் தாய் என்பது அந்தப் பிள்ளையின் குறை. கோபித்துக்கொண்டு புறப்பட்டவன் எழும்பூர் ரயிலடிக்கு வந்து நின்றான். அங்கே, 'பெட்டியைத் தூக்குகிறாயா பையா' என்று கேட்டவர், ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு. நாடகக் கம்பெனி நடத்தியவர். பெட்டி தூக்க வந்தவனை நடிகனாக்கிவிட்டார் அவர். மீன் துண்டு பெரியதாக இருந்திருந்தால் தமிழ்நாட்டிற்கு இராதா கிடைத்திருக்க மாட்டார்!

பள்ளிக்கூடம் அவரைப் படிக்க வைக்கவில்லை. படிக்க வைத்தது கம்பெனி. நடிப்பும் சண்டையும் மட்டுமல்லாமல், மின்சார வேலையும் மோட்டார் வேலையும் கற்றுக்கொண்டார். பாட்டாளியின் பேச்சு அவர் நாவிலே இருந்ததென்றால், அது பாட்டாளிகளோடு உண்டு உறங்கி வந்த பேச்சு. பிற்காலத்திலே தந்தை பெரியாரின் கொள்கை அவரைத் தொட்டது. 'இழந்த காதல்' நாடகத்திலே புகழ் பெற்றவர், 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்' என்றும், 'தூக்குமேடை' என்றும், 'இரத்தக் கண்ணீர்' என்றும் மேடையைக் கொள்கையின் களமாக்கினார். 'தூக்குமேடை'யைத் தீட்டியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாடகத்தின்போது இராதா சூட்டிய பட்டந்தான் 'கலைஞர்'. தாய் தந்தையர் சூட்டிய பெயரைக் காட்டிலும் அந்த நடிகர் சூட்டிய பெயராலேயே நாம் நம் தலைவரை அழைத்து வந்திருக்கிறோம்.

கையிலே ஒரு நாளிதழ்

தோழர்களே! இன்றைக்கு அமெரிக்க நாட்டிலே, இரவு நேரத்திலே, தொலைக்காட்சியிலே ஒருவர் வந்து நிற்கிறார். அன்றைய செய்தியை எடுத்துக்கொள்கிறார். குடியரசுத் தலைவர் முதல் கோடீசுவரர் வரை எல்லாரையும் கிண்டல் செய்கிறார். மக்கள் சிரிக்கிறார்கள். பெரிய கலை என்று உலகம் பாராட்டுகிறது. இந்தக் கலையை இங்கே தொலைக்காட்சி வருவதற்கு முன்பே, கீற்றுக் கொட்டகையிலே நடத்திக் காட்டியவர் இராதா!

எப்படி? மேடையிலே அன்றைய செய்தித்தாளோடு வருவார். பிரித்துப் படிப்பார். அமைச்சர் பேச்சா, அரிசி விலையா, கோயில் கும்பாபிஷேகமா, எதுவானாலும் கதாபாத்திரத்தின் வாயாலேயே கருத்துச் சொல்வார். திருச்சியிலே பேசியது தஞ்சையிலே இராது. நேற்றுப் பேசியது இன்று இராது. ஆகவே அதே நாடகத்தை அதே மனிதர் பத்து முறை பார்க்க வந்தார். கதை தெரிந்ததுதான், ஆனால் இன்றைய செய்திக்கு இராதா என்ன சொல்லப் போகிறார் என்பது தெரியாதே! எழுத்தறியாத உழவனுக்கும், வண்டியிழுக்கும் தோழனுக்கும் அந்தக் கொட்டகையே படிப்பகமாக இருந்தது.

எழுதி வைத்த வசனத்தை அதிகாரி திருத்தலாம். வாயிலே பிறந்து வாயிலேயே முடிகிற வசனத்தை எந்தச் சிவப்பு மை அடிக்கும்? ஆட்சியாளருக்கு இராதாவிடம் ஏற்பட்ட அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சிரிப்புக்காகப் பிறந்த சட்டங்கள்

அச்சம் பிறந்தால் சட்டம் பிறக்கும். இது வெள்ளையன் காலத்து வழக்கம். 1876-ஆம் ஆண்டு கல்கத்தாவிலே ஒரு நாடகம் போட்டார்கள். வேல்சு இளவரசர் வந்தபோது அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்திற்கே அழைத்து உபசரித்த ஒரு வழக்கறிஞரை நையாண்டி செய்த சிறு நாடகம் அது. சாம்ராச்சியம் பீரங்கி வைத்திருந்தது, கப்பற்படை வைத்திருந்தது, ஆனால் அந்த நையாண்டியைத் தாங்கும் நெஞ்சு வைத்திருக்கவில்லை. அந்த ஆண்டே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

வெள்ளையன் போனான், அவன் சட்டம் போயிற்றா? 1954-ஆம் ஆண்டு இராதா இராமாயணத்தை நாடகமாக்கினார். மனம் புண்படுமென்று கருதுகிறவர்கள் என் நாடகத்திற்கு வரவேண்டாம், அவர்கள் காசும் எனக்கு வேண்டாம் என்ற கருத்திலே விளம்பரமும் செய்தார். இதைவிட நேர்மையான அறிவிப்பு உண்டா? வந்து பார்க்கக் கட்டாயமில்லை; பார்த்தபின் வருந்தவும் தேவையில்லை. இருந்தும் அதே ஆண்டிலே, காங்கிரசு ஆட்சியிலே, சென்னை மாநில நாடகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 'இராதா நாடகத் தடைச் சட்டம்' என்றே மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஒரு மாநிலம் முழுமைக்குமான சட்டம், ஒரு மனிதரின் நாவை நோக்கி நீட்டப்பட்டது!

இராதா என்ன செய்தார்? ஒரு பெயரிலே தடுத்தால் இன்னொரு பெயரிலே நடத்தினார். கல்லெறிந்தார்கள்; நடத்தினார். வழக்குத் தொடுத்தார்கள், நீதிமன்றம் போய்விட்டு வந்து நடத்தினார். அந்த ஆட்சியின் முதலமைச்சராக இருந்த காமராசரைப் பிற்காலத்திலே பெரியாரின் வழியிலே நின்று ஆதரிக்கவும் செய்தார். தன் மீது பாய்ந்த சட்டத்தைச் சொந்தப் பகையாக அவர் வளர்த்துக்கொள்ளவில்லை என்பதை இதிலே காண்கிறோம்.

அந்தச் சட்டம் எவ்வளவு காலம் வாழ்ந்தது தெரியுமா? ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்! நாடகம் போட வேண்டுமா, கதையைக் காவல் துறையிடம் கொண்டுபோய்க் கொடு, அனுமதி வாங்கு என்ற நிலை அதனால் நீடித்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி. நம் செங்கற்பட்டிலே பிறந்தவர். அந்தச் சட்டம் பிறந்த 1954-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். 2013-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்திலே எத்தனையோ ஆட்சிகள் வந்தன. நம்முடைய ஆட்சியும் வந்தது. இராதாவுக்காகப் போட்ட பூட்டை நீதிமன்றந்தான் திறக்க வேண்டியிருந்தது, நாம் திறக்கவில்லை. இதை நாம் மறைக்கக் கூடாது.

புகழ் பாடுவது மட்டும் போதாது

இராதாவைத் தெய்வமாக்க நான் வரவில்லை; அவரே அதைக் கேட்டுச் சிரிப்பார். 1954-இலே படமாகவும் வந்த 'இரத்தக் கண்ணீ'ரிலே, சீமைக்குப் போய்த் திரும்பிய மோகனசுந்தரம் தாசி வீடே கதியென்று கிடந்து தொழுநோயாளியாகிறான். இறுதியிலே தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணமுடித்து வைக்கச் சொல்கிறான். மறுமணத்திற்காக அன்று ஒலித்த அந்தக் குரல் பெரிது. ஆனால் தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் கூலியாகக் காட்டியது சரியா? சரியன்று. அது கிருமியால் வருவது, மருந்தால் குணமாவது. செங்கற்பட்டுத் திருமணியிலே 1955 முதல் நடுவண் அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வந்திருக்கிறது. பகுத்தறிவு பேசுகிற நாம், நம் நடிகவேளின் நாடகத்தையும் பகுத்தறிவோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து, 1967 சனவரி 12. அதைத் தாண்டிப் போனால் இந்தப் பேச்சு நேர்மையற்றதாகிவிடும். இராமாவரம் தோட்டத்திலே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆர். கழுத்திலே குண்டு பாய்ந்தது. இராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார். அடுத்த மாதம் தேர்தல். மருத்துவமனையிலே கட்டோடு இருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியிலே வென்றார்; தமிழகத்திலே கழகம் வென்றது. அந்த நவம்பரிலே செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் இராதாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டிலே தண்டனைக் காலம் குறைக்கப்பட்டு, 1971-ஆம் ஆண்டு அவர் வெளியே வந்தார்.

சொல்லால் எவரையும் வீழ்த்த வல்ல மனிதர் கையிலே துப்பாக்கி எதற்கு? அந்தச் செயலுக்கு நான் வழக்காட மாட்டேன். அவருடைய வாழ்வே அதற்கு எதிரான சாட்சி. இருபது ஆண்டு மேடையிலே அவர் வீசிய நகைச்சுவை ஓர் ஆட்சியையே சட்டம் போடச் செய்தது. அன்று வெடித்த துப்பாக்கியோ அவரைச் சிறையிலேதான் சேர்த்தது. கருத்துக்குக் கருத்து, நகைப்புக்கு நகைப்பு. அதற்கு மேல் கை நீளுமானால், நீட்டியவர் நம்மவரானாலும் தவறு தவறுதான்.

சிறையிலிருந்து வந்தபின் மீண்டும் நடித்தார். 1979 செப்டம்பர் 17-ஆம் நாள் திருச்சியிலே மறைந்தார். பெரியார் பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

நம்மைப் பார்த்து நகைத்தால்?

தோழர்களே! இராதாவின் பேச்சைக் கேட்டுக் கை தட்டுவது எளிது. அவர் கிண்டல் செய்தது நம் எதிரிகளை. நம்மைக் கிண்டல் செய்கிறவர் வந்தால் என்ன செய்வோம்? அதிலேதான் சோதனை.

வந்தார் ஒருவர், சோ. கொள்கையிலே நமக்கு நேர் எதிர். 1968-ஆம் ஆண்டு 'முகமது பின் துக்ளக்' நாடகம் போட்டார். 1970-ஆம் ஆண்டு 'துக்ளக்' இதழ் தொடங்கினார். 1971-இலே, சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தின் படங்களை வெளியிட்டதற்காக அந்த இதழின் படிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அப்போது ஆண்டது நாம். இதழ் ஒழிந்ததா? இல்லை, வளர்ந்தது. 2016-இலே சோ மறைந்த பின்னும் அது வெளிவந்தது. அவரோடு வாதாடியவர்கள் நம் அணியிலே ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய பேனா செய்ய வேண்டிய வேலையைக் காவலரிடம் கொடுத்ததால் நமக்கு இலாபமில்லை.

நம்மை அடுத்து ஆண்டவர்களும் கற்றுக்கொள்ளவில்லை. 1987-இலே அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. நாடே கொதித்ததும் ஓரிரு நாளிலே விடுவித்தது. 2017-இலே முதலமைச்சரையும் அதிகாரிகளையும் கேலிச்சித்திரமாக வரைந்ததற்காக ஓவியர் பாலா கைது செய்யப்பட்டார்.

வடக்கே பாருங்கள். 2021 சனவரி முதல் நாள் இந்தூரிலே முனாவர் பாரூக்கி என்ற நகைச்சுவையாளரைப் பிடித்துச் சென்றவர்கள், ஒரு மாதத்திற்கு மேல் சிறையிலே வைத்தார்கள். 2025 மார்ச்சிலே குணால் காம்ரா மேடையிலே பாடிய கிண்டலுக்காக, மும்பையிலே அவர் நிகழ்ச்சி நடத்திய அரங்கையே ஆளுங்கட்சித் தொண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள். அவருக்கு இடைக்கால முன்பிணை கொடுத்தது எது? நம் சென்னை உயர்நீதிமன்றம்! கடல் கடந்து பாருங்கள். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று, ஜிம்மி கிம்மல் என்பவரின் நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்தியது. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் தலைவர் மிரட்டல் விடுத்த சில மணி நேரத்திலேயே அது நடந்தது. மக்கள் எதிர்த்தார்கள், ஒரு வாரத்திற்குள் அவர் திரும்ப வந்தார்.

கல்கத்தா முதல் கலிபோர்னியா வரை பாடம் ஒன்றே. நகைச்சுவையாளனை அடக்குகிற ஆட்சி, அவன் சொன்னது மெய்யென்று தானே கையெழுத்திட்டுக் கொடுக்கிறது.

ஆகவே என் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழகம் ஆட்சியிலே இருந்தாலும், எதிர்வரிசையிலே இருந்தாலும், நம் தலைவர்களை நையாண்டி செய்து ஒருவர் மேடையேறினால், அரங்கத்தின் வாயிலிலே போய் நிற்காதீர்கள். கைப்பேசியிலே அவரையும் அவர் வீட்டுப் பெண்களையும் ஏசாதீர்கள். காவல் நிலையத்திலே மனுக் கொடுக்காதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வது பொய்யானால், மறுநாள் அதே ஊரிலே கூட்டம் போட்டு, அதைவிட நன்றாகச் சிரிக்க வைத்துப் பதில் சொல்லுங்கள். மெய்யானால், கிளைக் கழகத்திலே பேசித் திருத்திக்கொள்ளுங்கள்.

சென்னைப் பெரியார் திடலிலே இராதாவின் பெயரால் மன்றம் இருக்கிறது. சுவரிலே பொறித்த பெயர் மட்டும் அவருக்கு மரியாதையாகிவிடாது. கையிலே செய்தித்தாளோடு ஓர் இளைஞன் மேடைக்கு வந்து, அன்றைய அரசைப் பார்த்து அச்சமின்றிச் சிரிக்கக் கூடிய தமிழ்நாடு வேண்டும். அந்தச் சிரிப்பிலே நம் பெயரும் அடிபடலாம், அடிபடட்டும். அதைத் தாங்குகிற வலிமை நமக்கு உண்டு என்று காட்டுவதே நடிகவேளுக்கு நாம் செய்யும் நன்றி.