சவுரிக்கும் பராமரிப்பு வேண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கறவை மாடு பற்றிப் பேசினார்கள். இன்றைக்கு நாங்கள் சவுரி முடியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒரு சவுரியால் எங்கள் குழுவே உடையப் பார்த்தது. அதனால்தான் பேச வந்தோம்.

எங்கள் குழுவில் இரண்டு சவுரி உண்டு. ஒன்று குழு லாபத்தில் கடையில் வாங்கியது. இன்னொன்று எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் கொடுத்தது. சின்ன வயதில் தலை வாரும்போது விழுந்த முடியை எல்லாம் துணிப்பையில் சேர்த்து வைத்து, அவர் கட்டி வாங்கிய மூன்று கால் சவுரி அது. கல்யாணம், வளைகாப்பு, சடங்கு என்றால் இரண்டையும் வாடகைக்குக் கொடுப்போம். வாடகைப் பணம் குழுக் கணக்கில் சேரும்.

ஒரு கல்யாணத்துக்குப் போன அந்த அம்மாவின் சவுரி, திரும்பி வரும்போது பந்து மாதிரி சுருண்டு வந்தது. பூச்சரம் ஈரத்தோடு அதிலேயே காய்ந்திருந்தது. வாங்கிப் போனவரும் நம்ம உறுப்பினர்தான். "நான் கெடுக்கலை"ன்னு அவர் சொல்ல, "பின்னே யார் கெடுத்தது"ன்னு மற்றவர்கள் கேட்க, பேச்சு வளர்ந்தது. இரண்டு வாரம் பாதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. சேமிப்பும் வரவில்லை.

கடைசியில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. சவுரியைக் கொடுத்தோமே தவிர, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பு எல்லோருடையதும்தான்.

சவுரி ஏன் சிக்காகிறது?

முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. அவை வேரில் இருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். திருமலையிலும் பழனியிலும் காணிக்கை முடியை ஏலம் விடுகிறார்கள். நீளமாக ஒரே நேரத்தில் எடுத்த முடி என்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்ட முடியும். அதனால் அதற்கு விலை அதிகம். சீப்பில் விழுந்து சேர்த்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஒன்றின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். எனவே வீட்டு முடியில் கட்டிய சவுரிக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்று. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். 2 அடி சவுரி என்றால் ஒரு பெண்ணின் தலையில் 5 வருஷம் வளர்ந்த முடி. தலையில் இருக்கிற முடிக்கு மண்டைத் தோலில் இருந்து எண்ணெய்ப் பசை கிடைக்கும். சவுரிக்கு அது கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இப்போது செய்வது

1. கழற்றியவுடன் பூ, ஊசி, குஞ்சம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சவுரியோடு படுக்கக் கூடாது.

2. சிக்கு எடுக்கும்போது மேல் முடிச்சை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் மேல்பக்கம் வார வேண்டும். மேலே இருந்து இழுத்தால் சிக்கு இறுகும், முடி அறும்.

3. சிக்கு எடுத்த பிறகே நனைக்க வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, மேலிருந்து கீழாக விரலால் வழித்து விடுங்கள். துணி மாதிரி கசக்க வேண்டாம். துவைக்கிற சோப்பு கூடவே கூடாது. சீயக்காய் என்றால் கரைத்து வடிகட்டிய தண்ணீர் மட்டும். நுரை போகும் வரை அலச வேண்டும்.

4. பிழியாமல் பருத்தித் துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். மேலே நூல் கட்டியிருக்கிற இடம் நன்றாகக் காய வேண்டும். அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும்.

5. காய்ந்த பிறகு இரண்டு மூன்று சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியில் லேசாகத் தடவினால் போதும். அதிகம் வைத்தால் தூசி ஒட்டும்.

6. தளரப் பின்னி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் போகும்.

7. ஒருவர் வைத்ததை அலசாமல் இன்னொருவர் வைக்கக் கூடாது. பேன் பரவும்.

நம்ம சொந்த முடியையும் பார்க்கணும். சவுரி கனமாக இருந்து இறுக்கிப் பின்னினால் நெற்றி ஓரத்து முடி இழுபட்டு உதிரும். தலை வலித்தால் உடனே தளர்த்துங்கள். தினமும் வைக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது அசல் முடியா, நைலானா என்று சந்தேகம் வந்தால், உதிர்ந்த ஓர் இழையை நெருப்பில் காட்டுங்கள். முடி என்றால் கருகும் வாடை வரும், விரலில் நசுக்கினால் பொடியாகும். நைலான் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும்.

விழுகிற முடியை வீசாதீர்கள். காய வைத்துப் பையில் சேருங்கள். தெருவில் பாத்திரம் கொடுத்து முடி வாங்க வருபவரிடம் கொடுப்பதாக இருந்தால், முதலில் எடை போட்டு, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகு கொடுங்கள்.

அந்த அம்மாவின் சவுரி என்ன ஆச்சுன்னு கேட்பீர்கள். வாங்கிப் போன உறுப்பினரும் நாங்களும் மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து, இழை இழையாகச் சிக்கெடுத்தோம். கொஞ்சம் போய்விட்டது. மீதியை அலசி, எண்ணெய் தடவி, அந்த அம்மா கையில் கொடுத்தோம். தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த முகூர்த்தத்துக்கு யாருக்கு வேணும், எழுதிக்கோங்க"ன்னு சொன்னார்.

இப்போது சவுரிக்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இருவர் முன்னால் வாரிப் பார்த்துக் கையெழுத்து வாங்குகிறோம். மேலே சொன்ன 7 விஷயமும் அதன் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே சவுரி கை மாறும்.

பொதுச் சொத்து எதுவானாலும் இப்படித்தான் என்று நினைக்கிறோம். கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்தால் சண்டை வராது.