அலுப்பும் போரும்



இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளோம். 'அலுப்பு' என்பது அச்சொல். வயலிலிருந்து மீண்டு திண்ணையிற் சாய்கிறவர் "அலுப்பாக இருக்கிறது" என்கிறார். அது உடலின் சோர்வு. ஒரே பேச்சைப் பத்தாம் முறை கேட்பவரும் அதையே சொல்கிறார். அது மனத்தின் சோர்வு. ஈழத்தில் மூன்றாவது பொருளொன்றும் வழங்குகிறது. "அலுப்புத் தராதே" என்றால் தொல்லை தராதே என்பது கருத்து. வாய்க்கால் தூர்ந்துவிட்டதென்று முறையிட மூன்றாம் தடவையாகக் கந்தோர்ப் படியேறும் வெள்ளாமைக்காரர் காதில் விழுவது இந்த மூன்றாவது அலுப்பே. உழைத்தவருடைய அலுப்பு கேட்பாரற்றுப் போகிறது. நாற்காலியில் இருப்பவருடைய அலுப்போ கட்டளையாகிவிடுகிறது! ஒரு சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதையும் அகராதிக்காரர் குறித்து வைத்தல் நன்று.

இளைஞரைக் கேட்டாலோ, "போரடிக்கிறது" என்பர். ஆங்கிலத்திலேயே 18ஆம் நூற்றாண்டில்தான் இப்பொருளில் தலைகாட்டிய 'போர்' என்னும் சொல்லோடு நம்முடைய 'அடி'யைச் சேர்த்துக் கட்டிய கலப்பு இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் முன்னமே ஒரு போரடித்தல் இருக்கிறது. அடுக்கிய கதிர்க்கட்டுக் குவியலைப் போர் என்றும், அதிலிருந்து நெல்லைப் பிரிப்பதைப் போரடித்தல் என்றும் தமிழ்நாட்டு உழவர் சொல்வர். நம் வாவிக்கரையில் அது சூடு, அத்தொழில் சூடடித்தல்.

சூடடித்தலைப்போல் ஒரே வட்டத்திற் சுழலும் வேலை வேறில்லை. களவெட்டியில் மாடுகளைப் பிணைத்து இரவிரவாக நடத்தினார்கள் நம் முன்னோர். சுற்றிய இடத்தையே சுற்றவேண்டும், கண் அயரக்கூடாது. ஆயினும் அங்கே மனத்தின் அலுப்புக்கு இடங்கொடுத்தாரில்லை. பொலிப்பாட்டு எழுந்தது, ஒருவர் விட்ட அடியை மற்றவர் பற்றினார், மாடுகளும் அந்த ஓசைக்கு நடந்தன. நெல்லை நெல் என்று கூறாமல் 'பொலி' என்றனர். களத்துக்கென்றே ஒரு தனி மொழி இருந்தது. வைக்கோலைக் கிளறும் கம்புக்குக்கூட 'வேலைக்காரன்' என்று பெயர்! சம்பளம் கேளாத வேலைக்காரன் அவன் ஒருவனே.

உழவு இயந்திரம் வந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. முன்பு பல இரவுகள் எடுத்த வேலை இன்று சில மணி நேரத்தில் முடிகிறது. உடலலுப்புக் குறைந்ததற்கு நாம் வருந்தவில்லை; வருந்துகிறவர் களவெட்டியில் ஓர் இரவு நின்றிராதவர். ஆனால் வேலையோடு சேர்ந்து சொல்லும் போகிறது. போரடித்தல் என்றால் இன்னதென்று அறியாத பிள்ளை, பொழுது போகவில்லை என்பதற்கு அதே ஓசையை வழங்குகிறது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலைத் தந்தார். அவர்கள் வழியில் நாம் செய்யக்கூடிய காரியம் சிறியது. படுவான்கரையில் சூடடித்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் ஊருக்கு வரும்போது ஒரு கொப்பியோடு வாருங்கள். போடியார் சொல்வதை மட்டுமன்றி, அவர் வயலிற் கூலிக்கு நின்றவர் சொல்வதையும் எழுதுங்கள். களவெட்டிச் சொற்களை மிகுதியாக அறிந்தவர் அவரே. அடுத்த மாரி வெள்ளாமை வெட்டுக்கு முன் அந்தக் கொப்பிகளை இதே மண்டபத்திற் பார்க்க விரும்புகிறோம்.