அலுவலகக் கணிப்பொறியும் கட்டற்ற மென்பொருளும்
(வல்லக்கோட்டையில் நடந்த சங்கக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)



முருகப்பெருமான் ஏழடித் திருமேனியுடன் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைச் சூழ, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. நமது பிள்ளைகளிற் பலர் அவற்றில் உத்தியோகம் வகிக்கின்றனர்; சிலர் அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்துதரும் பட்டறைகளை நடத்துகின்றனர். பட்டறை எத்துணைச் சிறிதாயினும் விலைப்பட்டியலும் சரக்குக் கணக்கும் கணிப்பொறியிலேயே எழுதவேண்டியுள்ளன. அதற்குரிய மென்பொருளைப் பெறும் வழி யாது என்பதே யான் எடுத்துக்கொண்ட விஷயம்.

வழிகள் மூன்று. மைக்ரோசாப்ட் முதலிய கம்பெனிகளுக்கு விலையோ ஆண்டுச் சந்தாவோ கொடுத்துப் பெறுவது ஒன்று. திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொள்வது மற்றொன்று. கட்டற்ற மென்பொருளைக் கையாள்வது மூன்றாவது.

நடுவிற் சொன்ன வழியிற் செல்வோர் நம்மிடையும் உளர். அதனை மறைப்பதிற் பயனில்லை. திருட்டுப் பிரதியென அறிந்தும் உபயோகிப்போருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் இடமுண்டு. அன்றியும், அப்பிரதிகளோடு கெடுநிரல்கள் உட்புகுந்து, கணக்குகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்பதும் உண்டு. பட்டறைக்காரருக்கு அது முதலுக்கே மோசமாகும்.

நிற்க. மூன்றாம் வழிக்கு உதாரணம் லிப்ரே ஆபீஸ். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்னும் பெயரிற் பிறந்த மென்பொருளை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி வாங்கியது. 2000-ல் அதன் மூலநிரலை ஓபன் ஆபீஸ் என்ற பெயரால் உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து 2010-ல் லிப்ரே ஆபீஸ் கிளைத்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது இயங்கும். விலை இல்லை. எத்தனை பொறிகளிலும் ஏற்றலாம், பிறருக்கும் வழங்கலாம், வல்லார் நிரலைத் திருத்தவும் செய்யலாம். அதன் கட்டளைகளைத் தமிழிலேயே காணலாம்.

இது நமக்குப் புதிதன்று. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டியே லினக்ஸையும் ஓபன் ஆபீஸையும் கைக்கொண்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. கேரளப் பள்ளிகளிலோ கணினிக் கல்வி நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகின்றது.

ஆட்சேபம் இல்லாமலில்லை. மூனிச் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவுசெய்தது. ஆயினும் அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணிப்பொறிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது. நமது பட்டறைகளுக்குள்ள தடை வேறு. தொழிற்சாலையார் அனுப்பும் எக்செல் தாளில் மேக்ரோக்கள் இருப்பின், அவை லிப்ரே ஆபீஸிற் சரிவர இயங்காமற் போகலாம். ஆதலால், தொழிற்சாலையுடன் தொடர்புகொள்ளும் ஒரு பொறிக்கு மட்டும் விலைகொடுத்து உரிமம் பெறுங்கள். ஏனையவற்றிற் கட்டற்றதை வையுங்கள். உத்தியோகம் நாடும் பிள்ளைகள் எக்செலையும் அறிந்திருத்தல் அவசியமே. ஆனால் கூட்டலும் சராசரியும் காணும் வாய்பாடுகள் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே; வீட்டிற் செலவின்றிப் பழகியவருக்கு மற்றது எளிதில் வரும்.

இனி, நமது சங்க விஷயம். அங்கத்தினர் பட்டியலும் கல்வி உபகாரக் கணக்கும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திறக்கப்பட வேண்டியவை. முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தமையால், ஓரிடத்தில் தட்டிய தமிழ் வேறிடத்திற் புரியாத குறிகளாய்த் தோன்றிற்று. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபின் அத்தொல்லைக்கு வழி பிறந்தது. அவ்வாறே, 2006-ல் சர்வதேசத் தர நிர்ணயம் பெற்ற ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவிற் சேமித்த ஏட்டைத் திறக்க ஒரே கம்பெனியின் தயவை எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

ஆகவே மூன்று காரியங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்: சங்கக் கணக்குகளை யூனிகோடுத் தமிழில் திறந்த வடிவில் வைத்தல், திருட்டுப் பிரதிகளை அகற்றுதல், விடுமுறை நாட்களில் நம் இளைஞர், பட்டறைக்காரர்களுக்கும் பெண்மக்களுக்கும் லிப்ரே ஆபீஸ் பழக்குதல். சந்தாவில் மிஞ்சும் பொருள் ஏழைப் பிள்ளை ஒருவனின் படிப்புச் செலவுக்கு உதவுமாயின் அதுவே பெரும் இலாபம்.