பச்சைக்கல் பிணத்தைக் காக்குமா?

ஜேடு என்னும் பச்சைக்கல் பிணத்தை அழுகாமல் காக்குமென்று சீன தேசத்து ஹான் வமிசத்தார் நம்பினார்கள். கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் சிற்றரசனுக்கு 2,498 கல் துண்டுகளைப் பொன் கம்பியால் கோத்துக் கவசம் போட்டுப் புதைத்தார்கள். 1968-இல் மான்செங்கில் தோண்டியபோது கவசம் இருந்தது. உடல் மட்கிப் போயிருந்தது.

சரி, கல்லாவது சாசுவதமா என்று பார்த்தால் அதுவுமில்லை. அதே தேசத்தில் லியாங்ஜு சவக்குழிகளில் சுமார் 5,000 வருஷம் கிடந்த ஜேடுகளில் பல வெளுத்துப் போயிருக்கின்றன. இது ஆவியின் வேலையா? இல்லை. மண்ணின் ஈரம் கல்லின் நுண்ணிய இழைகளுக்கிடையே புகுந்து சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அதனால் உண்டாகும் துவாரங்களில் வெளிச்சம் சிதறிக் கல் வெள்ளையாய்த் தெரிகிறது.

தன்னையே காத்துக்கொள்ள முடியாத கல், பிணத்தை எப்படிக் காக்குமென்று நாம் கேட்கிறோம். யோசித்துப் பாருங்கள்.