காதலும் மூளையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காதல் நெஞ்சில் பிறப்பது என்பது உலக வழக்கு. காதலரைக் கண்டதும் நெஞ்சு படபடப்பதால் எழுந்த எண்ணம் அது. ஆயின், சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலப்பதும் அத்துடிப்புக்குக் காரணமாகும். அவற்றுக்கு ஆணையிடுவதோ மூளை. ஆகவே, காதலின் இருப்பிடத்தை நாம் மூளையிலேயே தேடுதல் வேண்டும்.

2005ஆம் ஆண்டில் ஆர்தர் ஆரோன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் முதலிய அமெரிக்க அறிஞர்கள், காதல் வயப்பட்ட 17 பேருக்கு அவரவர் காதலரின் படத்தைக் காட்டி, அப்போது மூளையில் நிகழ்வதைக் கருவி கொண்டு ஆராய்ந்து வெளியிட்டனர். நடுமூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் பகுதி கிளர்ச்சியுற்றது. நாம் விரும்பும் பொருளை நாடி நம்மை உந்தும் பகுதி அது. காதல் வெறும் உணர்ச்சி அன்று, பசியும் தாகமும் போன்றதொரு வேட்கை என்பது ஃபிஷர் கொண்ட கருத்து.

இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் 1999இல் மற்றோர் உண்மையை உரைத்தனர். ஒரே எண்ணம் ஓயாது வந்து வருத்தும் மனநோயாளரிடம், செரோட்டோனினைக் கையாளும் புரதம் குருதியணுக்களில் குறைந்திருக்கக் கண்டனர். புதிதாகக் காதல் கொண்ட 20 பேரிடமும் அக்குறையே காணப்பட்டது. அவர்களுள் சிலரை ஓராண்டுக்கு மேல் கழித்துச் சோதித்தபோது, அது நீங்கியிருந்தது. காதற்பித்து என்று நம்மவர் கூறுவது வெறும் புனைந்துரை அன்று. அது காலத்தால் தணிவதும் இயல்பே.

புயல் ஓய்ந்தபின் எஞ்சுவது யாது? ஆக்சிடோசின், வாசோபிரெசின் என்னும் இயக்குநீர்கள் பிணைப்பை வளர்க்கத் துணைபுரிகின்றன. தாய் பாலூட்டும்போது சுரப்பதும் ஆக்சிடோசினே. ஆயினும், அதனை ஏற்கும் அமைப்பே இல்லாதவாறு பிறப்பிக்கப்பட்ட ஒருவகைப் புல்வெளி எலிகளும் இணைபிரியாது வாழக் கூடுமென 2023இல் அறியப்பட்டது. எனவே, காதலை ஒரே இரசாயனத்தில் அடக்கிவிட இயலாது.

2012இல் வெளியான ஆய்வொன்று நமக்கு ஆறுதல் தருவது. சராசரியாக 21 ஆண்டுகள் இல்லறம் நடத்தியும் காதல் குன்றாதவர்களிடம் அதே டோபமின் பகுதி கிளர்ந்ததோடு, தாயன்பில் இயங்கும் பகுதிகளும் உடன் இயங்கின. தொல்காப்பியம் களவியல் என்றும் கற்பியல் என்றும் இரண்டு இயல்கள் வகுத்ததை நாம் இங்கே நினைவு கூரலாம். முன்னோர் இரசாயனம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது நம் நோக்கம் அன்று. காதலின் தொடக்கம் வேறு, அதன் நிலைபேறு வேறு என்பதை அவர்கள் வாழ்வில் கண்டிருந்தனர்.

பல மொழியினரோடு பழகி வளரும் நம் பிள்ளைகள் தாமே துணை தேடும் நாள் நம் காலனியிலும் வருகிறது. பெற்றோர் அதனைக் குற்றமென்று சினந்து கதவடைக்க வேண்டா. சுற்றத்தார் தொலைவில் வாழ, பெற்ற மக்களையும் இழக்கும் வீடு இருமடங்கு தனிமையுறும். இளைஞர்களும் முதல் வேகத்தையே முடிவாகக் கொள்ளாது, சில திங்கள் பொறுத்து, சினத்திலும் துன்பத்திலும் ஒருவரையொருவர் அறிதல் நன்று. காதலை மூட்டுவது இயற்கை; அதனைக் காப்பது நம் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!