பாதை போட்டனர், பந்தயம் எங்கே?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மோட்டார்ப் பந்தயம் பற்றிப் பேச வேண்டும் என்று இளைஞர்கள் பணித்தார்கள். "வேலைக்கும் சோற்றுக்கும் வழி தேடும் நாட்டில் இது என்ன பேச்சு?" என்று பெரியவர் சிலர் முணுமுணுப்பதும் என் செவியில் விழாமலில்லை. கார் ஓட்டுபவர் ஒருவர், கைதட்டுவோர் பல்லாயிரவர், உண்மைதான். ஆனால், அந்தக் கார் ஓடும் பாதைக்கு நிலம் தந்தவர் யார், வரியை விட்டுக் கொடுத்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், அது அரசியலன்றி வேறென்ன?

2011ஆம் ஆண்டை நினைவிற்குக் கொண்டு வாருங்கள். தில்லிக்கு அருகே, உத்தரப் பிரதேசத்துக் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பன்னாட்டுப் பந்தயப் பாதை எழும்புகிறது. நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வரைந்தவர் ஜெர்மானியர் ஹெர்மன் டில்கே. சூட்டிய பெயரோ புத்தர் பெயர்! ஆசையை அடக்கு என்றார் அவர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டிகளுக்கு அவர் பெயரில் மேடை! மாவட்டத்தின் பெயரே கௌதம புத்த நகர் என்பதால் வந்த பொருத்தம் அது, போகட்டும்.

அந்தப் பாதைக்காக ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பை நான் எள்ளி நகையாடமாட்டேன். மொனாக்கோவில் ஓடுவதை ஈரோட்டில் தொலைக்காட்சியில் கண்டு, டயரின் தன்மை முதல் எஞ்சினின் திறன் வரை மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். 2005இல் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 களத்தில் இறங்கியபோது, நம்மாலும் முடியும் என்று நெஞ்சு நிமிர்த்தியவர்கள். "நம் மண்ணில் அந்தப் பந்தயம் என்று வரும்?" என்று ஏங்கியவர்கள்.

வந்தது! 2011 அக்டோபர் 30 அன்று 60 சுற்றுகள் ஓடின. வெட்டல் வென்றார். நரேனும் ஓடி 17ஆவதாக முடித்தார். கொடியசைத்துப் பந்தயத்தை முடித்து வைத்தவர் டெண்டுல்கர். முதல் நாள் பயிற்சியின்போது தெருநாய் ஒன்று பாதைக்குள் ஓடிவர, உலகின் அதிவேக வண்டிகளெல்லாம் நிறுத்தப்பட்டன. நுழைவுச்சீட்டு இல்லாமல் பார்க்க வந்த ஒரே ரசிகர் அதுவாகத்தான் இருக்க வேண்டும்!

சிரிக்கிறீர்கள். ஆனால் அதே மாவட்டத்தில், அதே ஆண்டு மே மாதம், பட்டா பர்சௌல் சிற்றூரில், விரைவுச்சாலைத் திட்டத்துக்கு எடுத்த நிலத்திற்கு உரிய விலை கேட்டு நடந்த கிளர்ச்சியில் உழவரும் மாண்டனர், காவலரும் மாண்டனர். ஒரு புறம் ஒளிவெள்ளம்; மறுபுறம் ஒப்பாரி. இதை எந்த ரசிகரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் எந்த ரசிகரும் அறியாமல் இருக்கலாகாது.

வரிக் கதை இன்னும் வேடிக்கை. இது விளையாட்டா, கேளிக்கையா? விளையாட்டன்று, கேளிக்கையே என்றது 2009இல் மத்திய விளையாட்டு அமைச்சகம். கேளிக்கையென்றால் கேளிக்கை வரி எங்கே? அதற்கு விலக்களித்தது மாநில அரசு! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நுழைவுச்சீட்டு வருவாயில் 25 விழுக்காட்டைத் தனியே செலுத்தி வைக்குமாறு ஆணை பிறந்தது. உள்நாட்டு வரி மட்டுமா? இங்கே ஈட்டிய வருவாய்க்கு இங்கே வரி செலுத்தியே ஆகவேண்டும் என்று வெளிநாட்டு ஃபார்முலா 1 நிறுவனத்திற்கு அதே நீதிமன்றம் 2017இல் தீர்ப்புரைத்தது. தீர்ப்பு வந்தபோது பந்தயம் போய் நான்காண்டு ஆகியிருந்தது!

ஆம், 2011, 2012, 2013 என்று மூன்றே முறை. மூன்றிலும் வெட்டலே வென்றார். 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் இடமில்லை, 2015இல் திரும்பும் என்றனர், திரும்பவில்லை. பத்தாண்டு கழித்து, 2023இல், மோட்டோ ஜிபி இருசக்கர வண்டிப் பந்தயம் ஒருமுறை வந்தது. அடுத்த ஆண்டு அதுவும் நடக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். சென்னைக்கருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950களில் தொடங்கி அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடந்தது. டில்கே வரையவில்லை, மாடமில்லை, மாளிகையில்லை, வெயிலும் புழுதியும் உண்டு. ஆயினும் மெக்கானிக்குகள் உருவாயினர், ஓட்டுநர்கள் உருவாயினர், வேடிக்கை பார்த்த சிறுவர்கள் வண்டி கட்டக் கற்றனர். அந்த மரபின் தொடர்ச்சியாகவே சென்னை மோட்டார் பந்தயச் சங்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பாதை அமைத்தது. நரேனின் முதல் பந்தயம் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து அந்தப் பாதையில்தான்!

ஆகவே, பந்தயத்தை விரும்பும் இளைஞர்களே, இன்னொரு பன்னாட்டுப் பாதை வருகிறது என்று நாளை எவரேனும் அறிவித்தால் மகிழுங்கள், மறுக்கவில்லை. கூடவே கேளுங்கள்: பந்தயமில்லாத மற்ற நாட்களில் அங்கே ஓடப் போவது யார்? பதினாறு வயதுப் பிள்ளை பயிற்சிக்கு என்ன கட்டணம் தர வேண்டும்? நிலம் எவருடையது, விலை தரப்பட்டதா? பந்தயம் நின்றால் பராமரிப்புச் செலவு எவர் தலையில்?

இக்கேள்விகளுக்கு விடை கூற முடியாதென்று எவரேனும் சொன்னால், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை வரை அவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் எளிதில் இடமில்லை என்பதையும் காட்டுங்கள். பந்தயம் ஆண்டுதோறும் நடப்பதையும் காட்டுங்கள்.