வீட்டுத் தோட்டமும் ஐப்பசி மழையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமா பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். வேலை வாய்ப்பு, புதிய தொழில்நுட்பம் பற்றியெல்லாம் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். புரட்டாசி முதல் வாரத்தில் கூடியிருக்கிறோம். இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதனால் நான் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு சிவில் இன்ஜினியருக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் செய்த ஒரு தப்புதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு அழகர்கோவில் சாலைப் பக்கம், 4 சென்ட் இடம். அப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2017-ல் நான் புது வீடு கட்டினேன். கட்டடம் 1,000 சதுர அடி போக, சுற்றிலும் சுமார் 740 சதுர அடி மிச்சம். அதில் அம்மா வைத்த முருங்கை, கருவேப்பிலை, மல்லிகைப் பந்தல், ஒரு அவரைக் கொடி எல்லாம் இருந்தன. "மண்ணு, சேறு, பூரான் தொல்லை எதுக்கு? மொத்தமா சிமெண்ட் போட்டுட்டா கழுவி விட்டாப் போதும்" என்று நான்தான் முடிவு செய்தேன். மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, 2003-ல் அப்பா வெட்டிய குழி ஒன்று மூலையில் இருந்தது. அதையும் பார்க்க நன்றாக இல்லை என்று மூடிவிட்டேன். தளம் கண்ணாடி மாதிரி வந்தது. தெருவை நோக்கி ஸ்லோப்பும் சரியாகக் கொடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2018-ல் அப்பா தவறிவிட்டார்கள். அதன் பிறகு அம்மாவுக்கு வீட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் காலையில் ரெண்டு கொத்து கருவேப்பிலை கேட்டு யாராவது சுவரோரம் வந்து நிற்பார்கள், அரைமணி நேரம் பேச்சு ஓடும். செடி போனதும் அந்த ஆட்களும் வருவதில்லை. "அக்கா வீட்டுக்கே போயிடறேம்ப்பா" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2019 சித்திரையில் எங்கள் போரில் மோட்டார் வெறும் காற்றைத்தான் தள்ளியது. லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. நானும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாடியில் விழுந்த தண்ணீர், தளத்தில் விழுந்த தண்ணீர் எல்லாம் நான் கொடுத்த ஸ்லோப்பில் அழகாக ஓடி, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா சொன்னார்கள்: "நம்ம வீடு தேடி வந்த தண்ணியை நீயே தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறம் லாரிக்குப் போன் பண்றியேப்பா."

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாணவர்கள் மனக்கணக்காகவே போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். என் மாடியும் தளமும் சேர்ந்து சுமார் 162 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் 8,100 லிட்டர். மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவில் மழை. அப்படியானால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டருக்கு மேல். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. அதைத்தான் நான் படித்த படிப்பை வைத்துத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மறுவாரமே ஆள் வைத்துச் சிமெண்டை உடைத்தேன். வண்டி நிறுத்தவும் நடக்கவும் மட்டும் விட்டுவிட்டு, சுமார் 400 சதுர அடி மண்ணை வெளியே கொண்டுவந்தோம். அப்பா வெட்டிய குழியைத் திறந்து தூர்வாரி, ஜல்லியும் மணலும் போட்டு, மாடிக் குழாயை அதில் விட்டேன்.

அப்புறம் என்ன, இன்ஜினியர் தோட்டம் போட ஆரம்பித்தேன். சொட்டுநீர்க் குழாய், டைமர் எல்லாம் வாங்கினேன். தண்ணீர் நிற்கட்டும் என்று பள்ளப் பாத்தி கட்டி, தக்காளி நாற்று நாற்பது நட்டேன். பத்தே நாளில் அத்தனையும் அழுகிப் போச்சு. அம்மா அப்போதும் திட்டவில்லை. "மழைக்காலத்துல செடி தண்ணி இல்லாம சாகாது தம்பி. தண்ணியிலதான் சாகும்" என்றார்கள். வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சு முட்டுகிறது, பூஞ்சாணம் புகுந்துவிடுகிறது. மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்க வழி வேண்டும், செடியின் காலடியில் நிற்காமல் வடியவும் வழி வேண்டும். இந்த ரெண்டும் அமைந்தால் நம் ஊர் ஐப்பசித் தோட்டம் பாதி முடிந்த மாதிரி.

இனி, மாதவாரியாக நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

புரட்டாசி, மண் தயார் செய்யும் மாதம். 3 அடி அகலத்தில், முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி. இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால். அந்த வாய்க்கால் மழைநீர்க் குழியைப் பார்த்துச் சரிய வேண்டும். மேலூர்ப் பக்கம் போலச் செம்மண்ணாக இருந்தால், தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். அதற்குத் தொழுவுரம் தாராளமாக வேண்டும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். அது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மக்கிய குப்பையோடு மணலும் சேர்த்துப் பாத்தியை இன்னும் உயர்த்துங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் விதையை நேரே பாத்தியில் போடாமல், தாழ்வாரத்தில் மழை படாத தட்டில் நாற்று விடுங்கள். நாற்றழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய எருவோடு கலந்து போடலாம். 25, 30 நாளில் நாற்று ரெடியாகிவிடும். அடைமழையில் நடாமல், இரண்டு நாள் வெயில் பார்த்து நடுங்கள்.

அவரைக்கு மட்டும் ஆடி, ஆவணியிலேயே விதை போட்டிருக்க வேண்டும். நம்ம பந்தல் அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். சித்திரையில் போட்டால் கொடிதான் ஓடும், காயைப் பார்க்க முடியாது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

ஐப்பசியில் வேலை குறைவு, கவனம் அதிகம். மழை விட்டதும் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரப் பாத்தியை மிதிக்காதீர்கள், மண் இறுகிவிடும். கனமழை நேரத்தில் உரம் போட்டால் கரைந்து போய்விடும், காசுதான் நஷ்டம். காற்றுக்கு முன்பே செடிக்கு முட்டுக்கொடுத்து, காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். கொய்யா, எலுமிச்சை, முருங்கைக் கன்றுகள் நடவும் இதுதான் நேரம். சித்திரை வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 முருங்கை விதை போட்ட ஆறு மாதத்திலேயே காய்க்கும். ஆனால் தண்ணீர் நிற்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

கார்த்திகையில் பூச்சி வரும். முருங்கை அடிமரத்தில் கம்பளிப்புழு கும்பலாக ஒட்டியிருக்கும். மரத்தையே வெட்ட ஓட வேண்டாம். குச்சியால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளினால் போதும். மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, மழை இல்லாத சாயங்காலம் தெளியுங்கள். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், மல்லிகையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். அம்மா கத்தரியை எடுத்தபோது எனக்கு மனசு வரவில்லை. பங்குனியில் பூத்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி நம் வாசலில் இல்லாமல் இருக்கலாமா?

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு மாடித் தோட்டம் உண்டு. ஆனால் இன்ஜினியராக ஓர் எச்சரிக்கை. மாடிக்குச் சாதாரணமாக நாம் எடுக்கும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒரு அடி உயரத்துக்கு ஈரமண் பரப்பினால் 500 கிலோவைத் தாண்டும். அதனால் மண்ணைக் கொட்டிப் பரப்பாதீர்கள். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளைச் சுவர், பீம் வரும் ஓரங்களில் தள்ளித் தள்ளி வையுங்கள். இன்னொன்று, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருநாள் கவிழ்த்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதியம் கொட்டிய மழையில் செல்லூர் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கண்மாயும் வாய்க்காலும் அரசாங்கம் பார்க்க வேண்டிய விஷயம், அதைக் கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் மேட்டில் இருக்கும் என் வீட்டுத் தளத்திலிருந்து ஓடிய தண்ணீரும் பள்ளத்தில் இருக்கும் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தானே போயிருக்கும்? இதை யோசிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. சிவில் படிக்கும் தம்பி, தங்கைகளே, நாளைக்கு நீங்கள் பிளான் போடும்போது, "இந்த இடத்தில் மண் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சிமெண்ட் கேட்பார். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் போரில் இப்போது கோடையிலும் அளவாகத் தண்ணீர் வருகிறது. எல்லாம் என் குழியால்தான் என்று நான் பெருமை பேச மாட்டேன், நல்ல மழையும் பெய்தது. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். கருவேப்பிலை கேட்டு மறுபடியும் சுவரோரம் ஆள் வருகிறார்கள். போன தை மாதம் அக்கா வந்து, "அம்மா, ஒரு மாசம் எங்க வீட்ல வந்து இரேன்" என்று கூப்பிட்டாள். அம்மா நாலே நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். கேட்டால், "அவரை முத்திப் போகும், நீ பறிக்க மாட்டே" என்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் வாசலை ஒருமுறை பாருங்கள். நாலு சதுர அடியாவது உடைக்க முடிந்தால் இந்த வாரமே உடையுங்கள். மழை வந்த பிறகு யோசித்தால் அடுத்த வருஷம்தான்.